புயலும் அலுவலகக் கணினியும்

நம்மூரில் என் வயதுக்காரர்களிடம் புயல் என்று சொன்னால், கடலுக்குள் நீண்டிருந்த பழைய இரும்புப் பாலம் 1952-ல் போனதைச் சொல்வார்கள். அடுத்த தலைமுறைக்குத் தானே புயல். 2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 120 முதல் 140 கி.மீ. விழுந்த மரங்களையும் மின்கம்பங்களையும் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். அலுவலகங்களில் இருந்த கணினிகளைப் பற்றி யாரும் எழுதவில்லை.

காகிதக் காலத்தில் எங்களுக்கு இரண்டே எதிரிகள்: மழையும் கரையானும். நனைந்த கோப்பை மின்விசிறியின் கீழ் விரித்து வைத்தால் மசி பரவினாலும் படிக்க முடியும். ஆனந்தரங்கப் பிள்ளை 1761 ஜனவரியில் இறந்தார். அதே மாதம் முதல் தேதி அடித்த புயலில்தான் நம்மூரை முற்றுகையிட்ட ஆங்கிலேயர் கப்பல்கள் சில மூழ்கின. அவருடைய நாட்குறிப்பை கலுவா-மோம்ப்ரன் கண்டெடுத்தது 1846-ல். இடையே 85 ஐப்பசி, கார்த்திகை. சில பகுதிகள் போயின, பெரும்பகுதி நின்றது. எந்த ஃப்ளாப்பி அப்படி நிற்கும்?

கணினி வந்த புதிதில் அதற்கு ராஜ மரியாதை. குளிர்சாதன அறை, செருப்பை வெளியே விட வேண்டும், மாலையில் பிளாஸ்டிக் உறை. பிரெஞ்சில் இதற்கு 'ஓர்தினாத்தர்' என்று பெயர். 1955-ல் ழாக் பெரே என்ற பேராசிரியர் ஐ.பி.எம். நிறுவனத்துக்குச் சொல்லிக்கொடுத்த சொல். உலகை ஒழுங்குபடுத்தும் கடவுளுக்கு அகராதியில் இருந்த அடைமொழி அது என்று அவரே எழுதினார். நாளடைவில் அந்தக் கடவுளை மேசைக்கு அடியில், தரையில் உட்கார வைத்துவிட்டோம். தண்ணீர் முதலில் வருவது அங்கேதான். பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டடங்களிலோ உயரமான பலகணிக் கதவுகள். சாய்ந்து அடிக்கும் மழை அந்தச் சட்டங்களின் இடுக்கில் நேராக மேசைக்கே வரும்.

புயல் எச்சரிக்கை வந்தால் செய்ய வேண்டியது அதிகமில்லை. பெட்டியைத் தரையிலிருந்து தூக்கு, ஜன்னலிலிருந்து தள்ளி வை, பிளக்கைப் பிடுங்கு. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மோடம் இருந்த காலத்தில் தொலைபேசி வயரையும் கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியாகவும் வரும். பலர் மறந்தது இதைத்தான்.

ஆனால் புயல் அடிக்கும்போது இருப்பதைவிட, ஓய்ந்தபின் ஆபத்து அதிகம். தானேவுக்குப் பிறகு பல பகுதிகளில் பல நாள் மின்சாரம் இல்லை. இப்படிப் பழுதான பாதையில் நியூட்ரல் கம்பி சரியாக இல்லாவிட்டால், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறலாம். வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் பெட்டியை, வேலை செய்கிறதா பார்ப்போம் என்று போடுவதும் அதே கதைதான். புயல் விட்டுவைத்ததை நம் அவசரம் முடித்துவிடும்.

பெட்டி போனால் டெண்டர் விட்டு வேறு வாங்கலாம். உள்ளே இருந்த சம்பளப் பட்டியலையும் பணிப்பதிவையும் எங்கே வாங்குவது? பல அலுவலகங்களில் நகல் எடுத்த ஃப்ளாப்பி அதே மேசையின் இழுப்பறையில்தான் கிடந்தது. கட்டடமே போனால்? 2014 நவம்பர் 29-ல் கடற்கரைச் சாலை மேரி கட்டடம் இடிந்தது. 1870-களில் கட்டியது, எத்தனையோ புயலுக்கு நின்றது, தொடர்மழைக்கு விழுந்தது. திரும்பக் கட்டித் திறக்க 2021 ஆயிற்று.

அதே 2014 நவம்பரில்தான் ஜீவன் பிரமாண் என்ற மின்னணு உயிர்வாழ் சான்றும் வந்தது. பத்து வருடம் கழித்து, 2024 நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் நம்மூர் அருகே கரையைக் கடந்தது; ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. மத்திய அரசு ஓய்வூதியர்கள் சான்று கொடுக்கக் கடைசி நாளும் அன்றுதான். முன்பே விரல் ரேகை வைத்துவிட்டு வந்தவர்களின் சான்று இங்கே எந்த மேசைக்கு அடியிலும் இல்லை.