உபகாரமா, உரிமையா?

தலைநகரின் சாணக்யபுரியிலே உலவுவோர் கௌடில்யர் பெயர் தாங்கிய வீதியையும், அதைச் சூழ்ந்த பல நாட்டுத் தூதரகங்களையும் காண்பர். பிரிட்டன், இலங்கை, மலேசியா ஆகியவற்றின் அலுவலகங்கள் யாவும் இவ்வட்டாரத்திலேயே உள்ளன. ஒரு காலத்தில் இந்நாடுகளை ஒரே பேரரசு பிணைத்திருந்தது. ஒரு நாட்டு உத்தியோகஸ்தர் மற்றொரு நாட்டுக்கு மாற்றப்படுவதும் உண்டு. அவ்வாறு இரு நாடுகளில் உழைத்தவர் முதுமையுற்றபோது, அவரைக் காக்கும் கடமை எவருடையது?

அரசுப் பணியில் உயிர் நீத்தாரின் மனைவி மக்களுக்கு உணவும் ஊதியமும் தருதல் வேண்டும் என்பது கௌடில்யர் அர்த்தசாஸ்திரத்தில் வகுத்த நெறி. ஆங்கிலேயர் ஆட்சியில் வந்த பென்ஷனை நம் முன்னோர் 'உபகாரச் சம்பளம்' என்று மொழிபெயர்த்தனர். அம்மொழிபெயர்ப்பு அக்காலச் சட்டத்தின் உட்கருத்தை நன்கு காட்டுவதாகும். எந்த உத்தியோகஸ்தருக்கும் ஓய்வூதியம் பெற முழுமையான உரிமை கிடையாது என்னும் வாசகம் குடியேற்ற நாடுகளின் ஓய்வூதியச் சட்டங்கள் பலவற்றில் இடம் பெற்றிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் யாழ்ப்பாணத் தமிழர் மலாயா சென்று ரயில்வே, தபால், மராமத்து முதலிய இலாகாக்களில் அமர்ந்தனர். 1885-இல் திறக்கப்பட்ட தைப்பிங்–போர்ட் வெல்ட் ரயில் பாதையே இலங்கையிலிருந்து வந்த தொழிற்படையினரின் உழைப்பால் உருவானதாகும். 'மலாயா பென்ஷன்காரர்' என்பது யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு வழங்கிய சொல்லாயிற்று. அவர்களுள் பெரும்பாலோர் மலாயாவிலேயே பணி தொடங்கியவர். இலங்கை அரசாங்க சேவையிலிருந்து மாற்றலாகிச் சென்றோரும் உண்டு.

மாற்றலானோருக்கெனக் குடியேற்ற நாட்டு விதிகள் ஒரு கணக்கை வகுத்திருந்தன. ஒருவர் இலங்கையில் 10 ஆண்டும் மலாயாவில் 20 ஆண்டும் உழைத்தார் என்று கொள்வோம். ஒரே நாணயத்தில் கணக்கிட்டால் இலங்கையில் அவர் பெற்ற மொத்தச் சம்பளம் 10,000. மலாயாவில் பெற்றது 30,000. முப்பது ஆண்டும் தன்னிடமே உழைத்திருந்தால் எவ்வளவு ஓய்வூதியம் தந்திருக்குமோ, அதில் இலங்கை காற்பங்கும், அவ்வாறே தன் கணக்கில் மலாயா முக்காற்பங்கும் தரும். ஆண்டுகளைக் கொண்டு நோக்கின் இலங்கையின் பங்கு மூன்றில் ஒன்றாகும். விதியோ பெற்ற சம்பளத்தையே அளவுகோலாகக் கொண்டது. முறைப்படி மாற்றலாகாமல் தாமாக விலகிச் சென்றவர்க்கோ பழைய சேவை கணக்கில் ஏறாது.

ஆளுநர்களின் நிலை வேறு. சர் ஆர்தர் ஹாவ்லக் 1890 முதல் 1895 வரை இலங்கையை ஆண்டு, பின் 1896-இல் சென்னைக்கு ஆளுநராக வந்தார். இவ்வாறு நாடு விட்டு நாடு செல்லும் குடியேற்ற நாட்டு ஆளுநர்களின் பொருட்டு, பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1865-லேயே தனிச் சட்டம் இயற்றியது. சாதாரண ஊழியரோ ஒவ்வொரு நாட்டின் கஜானாவையும் தனித்தனியே எதிர்பார்க்க வேண்டியிருந்தது.

பேரரசு கலைந்தபோதும் இவ்வேற்றுமை மறையவில்லை. இந்தியாவில் பணியாற்றி ஓய்ந்த ஆங்கிலேயரின் ஓய்வூதியங்களுக்காக 1948-இல் இந்தியாவும் பிரிட்டனும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி சுமார் 16 கோடியே 80 லட்சம் ஸ்டெர்லிங் பவுன் ஒதுக்கப்பட்டது. 1955-இல் இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஓய்வூதியங்கள் குறித்துப் பிரிட்டன் தனிச் சட்டமும் இயற்றியது. தமிழ்க் குமாஸ்தாவுக்கு எந்தப் பேரரசும் அவ்வாறு கைகொடுக்கவில்லை. புதிதாய்ப் பிறந்த நாடுகளின் நேர்மையே அவருக்குத் துணை. மலாயா அந்நேர்மையைக் காத்தது எனலாம். 1957-இல் விடுதலை பெற்றபோது அது ஏற்ற அரசியலமைப்பின் 147-ஆவது விதி, ஊழியரின் ஓய்வூதிய நிலை பின்வரும் சட்டங்களால் தாழ்ந்துவிடாதவாறு காப்பளித்தது.

நம் நாட்டிலும் சொல்லும் பொருளும் மாறின. உபகாரச் சம்பளம் ஓய்வூதியம் ஆயிற்று. ஓய்வூதியம் அரசின் விருப்பத்தைப் பொறுத்த கொடையன்று, ஊழியரின் உரிமையே என்று உச்சநீதிமன்றம் 1971-இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் தீர்ப்பளித்தது. 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் அதனை மேலும் வலியுறுத்தியது. அந்நாளே ஓய்வூதியர் தினமாக இன்று கொண்டாடப்படுகிறது.

ஆயினும் உரிமை ஒருமுறை பெற்றால் என்றும் நிலைத்திருக்கும் என்று எண்ணுதல் கூடாது. 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் குடிமைப் பணியில் சேர்ந்தோர்க்குப் பங்களிப்பு முறையே விதியாயிற்று. உறுதியான தொகை வேண்டுமென்ற குரல் எழுந்த பின்னரே 2025 ஏப்ரல் 1 முதல் மாற்றுத் திட்டம் ஒன்று வந்தது. அரசுப் பணியின் பொருட்டு ஊர்விட்டு வந்த குடும்பங்கள் பல நம்மிடையே உள்ளன. இளமையை ஓரிடத்தும் முதுமையை வேறிடத்தும் கழிப்போர்க்கு, முன்னோரின் இவ்வரலாறு கூறும் செய்தி ஒன்றே: உழைத்த கைக்கு ஓய்வுக் காலத்தில் அளிப்பது தானமன்று, தீர்க்க வேண்டிய கடனாகும்.