கடற்புழுக்களின் தாடைகளும் அவற்றை வகைப்படுத்திய வரலாறும்

யூனிசிடா என்ற வரிசையைச் சேர்ந்த கடல்வாழ் வளைத்தசைப் புழுக்களுக்குத் தொண்டைக்குள் ஒரு தாடைத் தொகுதி உண்டு. அடிப்பக்கத்தில் சுண்ணாம்பு ஏறிய ஒரு சோடி கீழ்த்தாடைகளும், அவற்றுக்கு மேலே பல துண்டுகளால் ஆன மேல்தாடைகளும் இருக்கும். யூனிஸ் புழுவில் முதல் சோடி இடுக்கிபோல் வளைந்திருக்கும். அடுத்த சோடி பல் வரிசை கொண்ட தகடுகள். மூன்றாவது துண்டு இடப்பக்கம் மட்டுமே உண்டு. புழுவின் மெல்லிய உடல் மட்கிப்போனாலும், கரிமப் பொருளால் ஆன மேல்தாடைகள் அமிலத்திலும் கரையாமல் பாறைக்குள் நிலைத்துவிடுகின்றன.

உயிருள்ள புழுக்களைக் கொண்டு முதல் பாகுபாட்டைச் செய்தவர் ஜெர்மானிய விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஏலர்ஸ். தாடைத் துண்டுகள் அரைவட்டமாக அமைந்தவற்றை லாபிடோநாதா என்றும், நீண்ட தாங்கிகளின் முன்னே இரு நெடுவரிசைகளாக அமைந்தவற்றை பிரியோநாதா என்றும் 1860களில் அவர் பிரித்தார்.

புதைபடிவங்களில் வேலை இவ்வளவு எளிதாக இருக்கவில்லை. 1879இல் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் ஹிண்டே கனடா, ஸ்காட்லாந்துப் பாறைகளில் கிடைத்த தாடைகளை விவரித்தார். கிடைத்தவை பெரும்பாலும் தனித்தனித் துண்டுகள். ஒவ்வொன்றையும் அது ஒத்திருந்த இன்றைய புழுவோடு சேர்த்து ஈனோனைட்டிஸ், அரபெல்லைட்டிஸ், கிளிசரைட்டிஸ் என்று பெயரிட்டார். முன்னோடிப் பணிதான், ஆனால் ஒரே புழுவின் இடத் தாடைக்கு ஒரு பெயர், வலத் தாடைக்கு வேறொரு பெயர் என்ற குழப்பத்துக்கு இந்த முறை வழிவிட்டது. 1933இல் குரோனைஸ், ஸ்காட் இருவரும் இப்படிவங்களுக்கு ஸ்கோலிகோடோன்ட் என்ற பொதுப்பெயரைத் தந்த பிறகும் தனித்துண்டுப் பெயர்கள் பெருகிக்கொண்டே போயின.

குழப்பத்தைத் தீர்க்கும் வழி போலந்தில் பிறந்தது. பனியுகத்தில் பால்டிக் பகுதியிலிருந்து பனியாறுகள் இழுத்து வந்து போட்ட சுண்ணாம்புக் கற்களை ரோமன் கோஸ்லோவ்ஸ்கி அமிலத்தில் கரைத்தார். கல் கரைந்து போக, துண்டுகள் கலையாத முழுத் தாடைத் தொகுதிகள் கசடில் மிஞ்சின. அவற்றை அவர் 1956இல் வெளியிட்டார். சோஃபியா கீலன் யாவரோவ்ஸ்கா அதே வழியில் சென்று 1966இல் ஒரு பெருநூலை எழுதினார். பின்னாளில் மங்கோலியப் பாலூட்டிப் படிவங்களால் உலகப் புகழ் பெற்றவர் அவர். புழுத் தாடை ஆய்வுக்கு அவர் இட்ட அடித்தளமும் அதற்குச் சற்றும் குறைந்ததன்று. எந்தத் துண்டு எந்தத் துண்டோடு சேரும் என்பதை முழுத் தொகுதிகளே காட்டிவிட்டதால், ஊகத்துக்கு வேலை குறைந்தது. ஏலர்ஸின் இரு பிரிவுகளோடு, அழிந்துபோன பிளாகோநாதா, சிறு பற்கள் வரிசை வரிசையாக அமைந்த டெனோநாதா ஆகியவையும் சேர்ந்தன.

தாடை வளரும் விதம் தெளிவாகத் தெரியவர மேலும் காலம் பிடித்தது. ஆஸ்திரேலியாவின் ஹானலோர் பேக்ஸ்டன், டயோபாட்ரா என்னும் புழு மேல்தாடைகளை உதிர்த்துப் புதியவற்றை வளர்த்துக்கொள்கிறது என்று 2005இல் காட்டினார். கீழ்த்தாடைகள் உதிர்வதில்லை, ஆகவே வளர்ச்சிக் கோடுகள் அவற்றில் தங்கிவிடுகின்றன. ஒரே புழு வாழ்நாளில் பல தாடைகளை விட்டுச் செல்லக்கூடும் என்பதால், பாறையில் கிடைக்கும் துண்டுகளை எண்ணிப் புழுக்களின் தொகையைக் கணிப்பதில் மிகுந்த கவனம் வேண்டும்.

இப்படிவங்களில் பெரும்பாலானவை ஓரிரு மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. கனடாவின் ஒன்டாரியோவில் எடுக்கப்பட்டு, ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தில் பல ஆண்டுகள் இருந்த டெவோனியன் காலத் தாடைகளோ ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் நீண்டவை. சுமார் 40 கோடி ஆண்டுப் பழமையான அந்தப் புழுவுக்கு 2017இல் வெப்ஸ்டெரோப்ரியன் ஆம்ஸ்ட்ராங்கி என்று பெயரிடப்பட்டது.