பாடசாலை உணவும் அதன் பிறப்பிடமும்

கொட்டாஞ்சேனையின் மேட்டுத் தெருக்களுக்கு மிக அண்மையில் இருப்பது கொழும்புத் துறைமுகம். அவ்வூர்ப் பிள்ளைகள் உண்ட சோற்றின் பெரும்பகுதி நெடுங்காலம் அத்துறைமுகத்தின் வழியாகவே வந்தது. தெற்கே வெள்ளவத்தையில், அந்நாளில் இயங்கிய நெசவாலைத் தொழிலாளரின் குடும்பங்களிலும் நிலைமை வேறன்று. பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த அரிசி, பழைய சோனகத் தெருவிலும் நாலாம் குறுக்குத் தெருவிலும் மொத்த வணிகரிடம் கைமாறி, மூலைக்கடை வழியாக வீட்டு உலைக்குச் சென்றது. ஆகவே, பிள்ளையின் உணவு எங்கிருந்து வருகிறது, அதன் தரத்துக்கு யார் பொறுப்பு என்னும் வினா, கொழும்பு நகருக்குப் புதியதன்று.

பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை உலகம் சிறிது தாமதித்தே ஒப்புக்கொண்டது. இங்கிலாந்தில் பாடசாலை உணவுக்கென 1906ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. தமிழகத்தில் 1920ஆம் ஆண்டில், பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கிலிருந்த தனது பாடசாலையொன்றில் மதிய உணவு வழங்கத் தீர்மானித்தது. பிள்ளையொன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படலாகாது என்பது விதி. ஓரணா சிறிய தொகைதான். ஆயினும் அது நகரத்தின் சொந்தப் பணம். சொந்தப் பணத்தில் வாங்குபவன் பொருளைப் புரட்டிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் திருப்பியும் அனுப்பலாம். இந்த எளிய உண்மையே பாடசாலை உணவின் வரலாறு முழுவதிலும் ஊடாடி நிற்பது.

இலங்கையில் 1931ஆம் ஆண்டில் சர்வசன வாக்குரிமை வந்ததும், ஏழை வாக்காளரின் பிள்ளைகளும் அரசாங்கத்தின் கண்ணுக்குத் தென்பட்டார்கள். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி மந்திரியாகப் பதினாறு ஆண்டுகள் பணியாற்றிய காலம் அது. 1934, 1935 ஆகிய ஆண்டுகளில் பரவிய மலேரியாக் கொள்ளைநோய், ஊட்டமில்லாத உடல் நோயைத் தாங்காது என்பதைப் பல்லாயிரம் உயிர்களை விலையாகக் கொண்டு உணர்த்திற்று. பாடசாலைகளில் இலவச மதிய உணவு என்னும் ஏற்பாடு அந்தப் பத்தாண்டுக் காலத்தில் வேரூன்றியது. ஆனால் நாட்டின் அரிசியிற் பெரும்பங்கு அன்றும் கடல் கடந்தே வந்தது.

அதன் விளைவு 1942இல் தெரிந்தது. மார்ச் மாதத்தில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பின் மீதே குண்டுகள் விழுந்தன. பர்மா அரிசி நின்றது, பங்கீடு வந்தது, கூட்டுறவுச் சங்கக் கடையின் முன் மக்கள் வரிசையில் நின்றார்கள். உணவு ஓரிடத்திலிருந்து மட்டும் வருமானால், அவ்வழி அடைபடும் நாளில் பிள்ளையின் தட்டும் வெறுமையாகும் என்பது அந்த ஆண்டு கற்பித்த பாடம்.

இரண்டாம் பாடம் 1953இல் வந்தது. பன்னாட்டுச் சந்தையில் அரிசி விலை ஏறிய காலத்தில், 1952 டிசம்பரில் சீனாவுடன் ரப்பர்-அரிசி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. ஆயினும் திறைசேரியின் நெருக்கடி தீரவில்லை. அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், 25 சதமாயிருந்த ஒரு கொத்துப் பங்கீட்டரிசியின் விலை 70 சதமாக உயர்ந்தது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் தேதி நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றிற் கூடியது. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அரிசியும் பிள்ளையின் மதிய உணவும் ஓர் அரசாங்கத்தையே அசைக்க வல்லவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பின்னர் வந்தது பணிஸும் பாலும். கெயார் போன்ற வெளிநாட்டு உதவி நிறுவனங்களின் வழியாக வந்த கோதுமை மாவும் ஆடை நீக்கிய பால்மாவும் பாடசாலைகளை அடைந்தன. பணிஸ் ஒன்றும் கோப்பைப் பாலும் அந்தத் தலைமுறையின் நினைவில் இன்றும் இனிப்பவை. 1970களில் பணிஸின் இடத்தை பிஸ்கற் பிடித்தது. 1973இல் தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்குமென திரிபோஷா தொடங்கியது. இவ்வுதவிகள் பல உயிர்களைக் காத்தன என்பதில் ஐயமில்லை. ஆனால், தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதில்லை என்பது நம்மவர் பழமொழி. எந்த மாவு, எந்த ஆண்டின் விளைச்சல், இம்மண்ணின் பிள்ளைக்கு அது பழகிய உணவா என்று கேட்கும் உரிமை, தானம் பெறுவோருக்குப் பெரிதும் இல்லை. கொடுப்போரின் மனமோ களஞ்சியமோ மாறினால், பந்தியும் மாறும்.

தரத்தைச் சட்டத்தாற் காக்கும் முயற்சியும் உடன் வளர்ந்தது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குக் கடையினுட் புகவும், மாதிரி எடுக்கவும், பழுதான பண்டத்தைக் கைப்பற்றவும் அதிகாரம் தந்தது. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளில் எவற்றை விற்கலாம், எவற்றை விலக்க வேண்டும் என்று 2015இல் கல்வி அமைச்சு சுற்றறிக்கை விடுத்தது. 2016இல் குளிர்பானங்களின் சீனியளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களாற் காட்டும் முறையும் வந்தது.

இவை யாவும் தேவையே. எனினும் சமையலறை வாசலிற் பார்க்கும் பரிசோதனை மட்டும் போதாது. 2013 ஜூலை 16ஆம் தேதி பீகாரின் சாரன் மாவட்டத்துக் கிராமப் பாடசாலையொன்றில் மதிய உணவருந்திய பிள்ளைகளில் 23 பேர் இறந்தனர். சமையல் எண்ணெயிற் பூச்சிகொல்லி கலந்திருந்தது. அங்கே பிழை அடுப்பில் இல்லை. உலைக்கு வருமுன் பொருள் கடந்துவந்த வழியில் இருந்தது. இலங்கையிலும் 2021இல் இறக்குமதியான சுத்திகரிக்கப்படாத தேங்காயெண்ணெயில் அஃபிளடொக்சின் என்னும் பூஞ்சண நஞ்சு காணப்பட்டு, அதைத் திருப்பி அனுப்ப உத்தரவாயிற்று. அந்நஞ்சைக் கண்ணும் காணாது, நாவும் அறியாது. ஆசிரியர் ஒருவர் முன்கூட்டியே சுவை பார்த்தாலும் அது அகப்படாது.

இனி, இன்றைய ஏற்பாட்டைக் காண்போம். 1989இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் நீடிக்கவில்லை; பின்னர் 2000களில் ஆரம்ப வகுப்புகளுக்கென வேறொரு போஷாக்குத் திட்டம் உருவானது. 2024 மார்ச் முதல் அரசாங்கப் பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் அனைவருக்கும் அது விரிக்கப்பட்டது. அவர்களின் தொகை ஏறக்குறைய 16 இலட்சம். பெரும்பாலும் சமைத்துத் தருவோர் அயலிலுள்ள தாய்மாரும் சிறு வழங்குனருமே. அவர்கள் முதலிற் செலவு செய்ய வேண்டும். பணம் பின்னர் வரும்.

இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. முட்டையும் பருப்பும் எட்டாப் பொருளாயின. அத்தகைய காலத்தில் கொடுப்பனவும் தாமதித்தால் சமைப்பவள் என்ன செய்வாள்? மூலைக்கடையிற் கடனுக்கு வாங்குவாள். கடனுக்கு வாங்குபவளுக்குத் தெரிந்தெடுக்கும் உரிமை இல்லை. கடைக்காரர் தரும் பழைய பயற்றையும், முத்திரையற்ற எண்ணெயையும் அவள் மறுத்தால், நாளை கடன் கிடையாது. பிள்ளைகளுக்கு உணவும் கிடையாது. அவள் தீயவளல்லள். சுற்றறிக்கை அவள் கையில் இருக்கலாம். அதைக் கைக்கொள்ளும் ஆற்றல் அவள் முந்தானையில் முடிந்த காசில் இருக்கிறது.

ஆகவே, பொறுப்புள்ள கொள்முதல் என்பது நான்கு சொற்களில் அடங்கும்: பிறப்பிடம், பாதுகாப்பு, பதிவு, பணம். அரிசியும் பருப்பும் எவரிடம் வாங்கப்பட்டன என்று தெரிய வேண்டும். அவை நஞ்சுக்கும் ஈரத்துக்கும் எட்டாமல் வைக்கப்பட வேண்டும். வாங்கிய நாளும் அளவும் ஒரு குறிப்பேட்டில் இருத்தல் வேண்டும். நான்காவதாக, வழங்கியவருக்கு உரிய பணம் உரிய நாளிற் சேர வேண்டும். முதல் மூன்றும் இந்த நான்காவதன் மீதே நிற்கின்றன.

சென்னையின் ஓரணா முதல் இன்றைய பந்தி வரை வரலாறு கூறுவது இதுவே. தானமாய் வந்ததைச் சோதிக்க இயலவில்லை. கடனாய் வந்ததை மறுக்க இயலவில்லை. விலை கொடுத்து வாங்கியதை மட்டுமே திருப்பி அனுப்ப இயலும். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ தட்டை ஏந்தி நிற்கும் ஆறு வயதுக் குழந்தை, அந்தச் சோறு எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை; தருபவரை நம்பி உண்கிறது. அந்த வினாவை அதற்காகக் கேட்கும் கடமை பெரியவர்களுடையது.