பதினைந்து கம்பிகளும் ரிச்சி தெருவும்

திருவல்லிக்கேணியிலிருந்து வாலாஜா சாலை வழியாக வந்து அண்ணா சாலையைக் கடந்தால், காஸினோ தியேட்டர் வட்டாரத்தில் இருக்கிறது ரிச்சி தெரு. ரேடியோ உதிரிபாகங்களுக்குப் பேர்போன இந்தத் தெருவும் அதையொட்டிய நரசிங்கபுரம் தெருவும் 1990களில் கம்ப்யூட்டர் கடைகளால் நிறைந்தன. கம்பெனி பெயர் போட்ட பெட்டியின் விலை கட்டுப்படியாகாதவர்கள் மதர்போர்டு, ஹார்டு டிஸ்க், கார்டுகள் என்று தனித்தனியாக வாங்கி 'அசெம்பிள்' செய்துகொண்டார்கள். சென்னையின் கம்ப்யூட்டர் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 2000இல் திறக்கப்பட்ட டைடல் பார்க்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதற்கு முன்பே ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகத் தொழில் கற்றவர்களின் கதை ஒன்று இருக்கிறது. அதில் ஆளைச் சோதித்த வேலை, ஐ.ஆர்.க்யூ. தகராறைத் தீர்ப்பது.

ஸ்லாட்டில் செருகும் கார்டுக்குத் தகவல் வந்து சேர்ந்ததும் அது பிராசஸரைக் கூப்பிட வேண்டும். அதற்கென்று தனிக் கம்பி உண்டு; அந்தக் கம்பியின் எண்தான் ஐ.ஆர்.க்யூ. 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் 8259ஏ என்ற சிப் 8 கம்பிகளைக் கவனித்தது. 1984இல் வந்த ஏ.டி. மாடலில் இரண்டாவது சிப் சேர்ந்தது. இரண்டையும் இணைக்கவே ஒரு கம்பி போய்விட, மிஞ்சியவை 15. டைமருக்கு 0, கீபோர்டுக்கு 1, ஃபிளாப்பிக்கு 6, கடிகாரத்துக்கு 8, ஹார்டு டிஸ்குக்கு 14 என்று முக்கால்வாசி எண்கள் முன்பே பிடிக்கப்பட்டிருந்தன. புதிதாக வாங்கும் மோடமும் சவுண்டு கார்டும் மீதியில்தான் இடம் தேட வேண்டும்.

ஏன் ஒரே கம்பியை இரண்டு கார்டுகள் பகிர முடியாது? பழைய ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டில், கம்பியின் மின்னழுத்தம் தாழ்விலிருந்து உயரும் அந்தக் கணம் மட்டுமே அழைப்பாகக் கணக்கில் வரும். ஒரு கார்டு ஏற்கெனவே உயர்த்திப் பிடித்திருந்தால் அடுத்த கார்டு உயர்த்துவது தெரியவே தெரியாது. திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தன வீட்டில் எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே அழைப்பு மணி வைத்து, ஒருவர் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே நிற்பது போலத்தான்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் தந்தபோது முதல் நகரங்களில் மெட்ராஸும் இருந்தது. மோடம் விற்பனை சூடுபிடித்தது. கூடவே ஒரு விநோத நோயும் வந்தது. லைன் கிடைத்து இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும். மவுஸை அசைத்ததும் செத்துவிடும். காரணம் எளிது. அன்றைய சீரியல் மவுஸ் காம் 1 போர்ட்டில். பெட்டிக்குள் செருகிய மோடம் காம் 3இல். போர்ட் வேறானாலும் இரண்டுக்கும் ஐ.ஆர்.க்யூ. 4தான். மோடத்தைக் காம் 4க்கு மாற்றினால் அது காம் 2வோடு சேர்ந்து 3இல் மோதும். ஆகவே பயாஸில் நுழைந்து, யாரும் பயன்படுத்தாத காம் 2 போர்ட்டை அணைத்துவிட்டு, அந்த இடத்தையே மோடத்துக்குக் கொடுப்பார்கள். நெட்வொர்க் கார்டு போட்டால் மறுபடி தலைவலி: என்.இ.2000 வகைக் கார்டுகள் பல 3ஐத்தான் எதிர்பார்த்து வந்தன. அதை 10க்குத் தள்ள வேண்டும்.

சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் கொண்டுவந்த சவுண்டு பிளாஸ்டரின் சிக்கல் இன்னும் நுட்பமானது. ஆரம்பகாலக் கார்டுகள் 7ஆம் எண்ணில் வந்தன. அது பிரிண்டர் போர்ட்டின் எண். ஆனால் டாஸ் பெரும்பாலும் கம்பியின் அழைப்புக்குக் காத்திராமலேயே அச்சடித்ததால் மோதல் மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் கிடக்கும். பிறகு சவுண்டு பிளாஸ்டர் 5க்கு மாறியது. ஆட்டோஎக்ஸெக் கோப்பில் 'செட் பிளாஸ்டர்=ஏ220 ஐ5 டி1' என்று ஒரு வரி எழுத வேண்டும். அதில் 'ஐ5' என்பதே ஐ.ஆர்.க்யூ. எண்ணைத் தேர்ந்தெடுக்கக் கார்டில் மாட்டும் ஜம்பர் ஓர் எண்ணையும் இந்த வரி வேறோர் எண்ணையும் சொன்னால் பல விளையாட்டுகளில் சத்தமே வராது, அல்லது துண்டு ஒலி திரும்பத் திரும்ப ஓடும்.

தீர்க்கும் முறை பொறுமையை மட்டுமே கேட்டது. கார்டுகளை எல்லாம் கழற்று, டிஸ்ப்ளே கார்டை மட்டும் விட்டு பூட் செய், பிறகு ஒவ்வொன்றாகச் செருகு. எது நுழைந்ததும் கோளாறு திரும்புகிறதோ அதன் ஜம்பரை மாற்று. இரண்டு முள்ளின் மேல் மாட்டும் அந்தச் சிறு பிளாஸ்டிக் மூடி கைதவறி விழுந்தால், பெட்டியைக் கவிழ்த்துக் குலுக்க வேண்டும். 8 பிட் கார்டானால் 10 முதலான எண்கள் எட்டாது; ஸ்லாட்டின் நீட்டிப்பில்தான் 10, 11, 12, 15 இருந்தன. குறிப்புத்தாள் தொலைந்த கார்டுக்கு எந்த முள் எந்த எண் என்று நினைவிலிருந்து சொல்பவருக்குத் தனி மதிப்பு இருந்திருக்கும். அந்த அறிவு எந்தப் பாடத்திட்டத்திலும் முழுமையாக ஏறவில்லை என்பது உண்மையான இழப்பு.

1995இன் விண்டோஸ் 95, கார்டுகளுக்குத் தானே எண் ஒதுக்கும் 'பிளக் அண்டு பிளே'யைக் கொண்டுவந்தது. ஜம்பர் வைத்த பழைய கார்டு அதன் பேச்சைக் கேட்காது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி முளைக்கும். பயாஸில் அந்த எண்ணைப் பழைய கார்டுக்கென்று ஒதுக்கிவைப்பதே வழி. இன்டெல் 1992இல் அறிமுகப்படுத்திய பி.சி.ஐ. ஸ்லாட் பரவலானபோதுதான் நிஜமான விடுதலை கிடைத்தது. அதில் கம்பி தாழ்ந்திருக்கும் வரை அழைப்பு நீடிக்கும். ஆகவே பல கார்டுகள் ஒரே கம்பியைப் பகிரலாம். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் வீட்டு மதர்போர்டுகளிலிருந்து ஐ.எஸ்.ஏ. ஸ்லாட் மறைந்தது. தொழிற்சாலை இயந்திரங்களின் பழைய கண்ட்ரோல் கார்டுகளுக்காக அந்த ஸ்லாட் வைத்த மதர்போர்டுகள் இன்றும் தயாராகின்றன. ஜம்பர் வைத்த கார்டு என்றால் அங்கே எண் ஒதுக்குவது இப்போதும் கையால்தான்.