சீரமில்லா ஊடகத்தில் ஹைப்ரிடோமா செல் வளர்ப்பு: ஒரு வரலாறு

தென்காசியிலோ குற்றாலத்திலோ இரத்த வகை பார்க்கச் செல்பவரின் இரத்தத்தில், ஆய்வகப் பணியாளர் நீல நிறக் கரைசலில் ஒரு துளியும் மஞ்சள் நிறக் கரைசலில் ஒரு துளியும் தனித்தனியே கலந்து பார்ப்பார். நீலம் 'ஏ' வகையையும் மஞ்சள் 'பி' வகையையும் காட்டிக்கொடுக்கும். இக்கரைசல்களில் உள்ள எதிர்ப்பொருள்கள் இன்று பெரும்பாலும் ஹைப்ரிடோமா செல்களிலிருந்து கிடைக்கின்றன. அந்தச் செல்களுக்கு எதை உணவாகக் கொடுப்பது என்ற கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு.

தோற்றம்

1975-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலர், சீசர் மில்ஸ்டீன் இருவரும் சுண்டெலியின் மண்ணீரல் செல்லையும் மயலோமா என்னும் புற்றுச் செல்லையும் இணைத்தனர். முன்னது எதிர்ப்பொருளைச் சுரக்கும். ஆனால் வளர்ப்புக் குடுவையில் சில நாளில் மடிந்துவிடும். பின்னது ஓயாமல் பெருகும். இரண்டும் இணைந்த செல் இவ்விரு குணங்களையும் பெற்றது. ஒரே செல்லின் வழிவந்தவை அனைத்தும் ஒரே வகை எதிர்ப்பொருளைத் தருவதால் அதற்கு 'மோனோகுளோனல்' என்று பெயர். 1984-இல் நீல்ஸ் யெர்னேவுடன் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

சீரத்தின் சிக்கல்

இச்செல்களை வளர்க்க ஊடகத்தில் சுமார் 10 விழுக்காடு கன்றுக்கருச் சீரம் சேர்ப்பது வழக்கமாயிற்று. சினையுற்ற பசுக்கள் இறைச்சிக்காக வெட்டப்படும்போது, வயிற்றிலுள்ள கன்றின் இரத்தத்திலிருந்து இது எடுக்கப்படுகிறது. விலை அதிகம், உயிரறம் சார்ந்த கேள்வியும் உண்டு. குற்றால அருவியில் ஆனிச் சாரலில் விழும் நீரும் ஐப்பசி வெள்ளத்தில் விழும் நீரும் ஒன்றாக இருப்பதில்லை. சீரமும் அப்படியே, தொகுதிக்குத் தொகுதி மாறும். போன மாதம் செழித்த செல், புதிய தொகுதியில் சோர்ந்துபோகும். மேலும், சீரத்திலுள்ள மாட்டு எதிர்ப்பொருள்களிலிருந்து நமக்கு வேண்டிய எதிர்ப்பொருளைப் பிரித்தெடுப்பது கடினம். 1986-இல் பிரிட்டனில் 'பைத்தியப் பசு நோய்' கண்டறியப்பட்டபின், மாட்டுப் பொருள்கள் வழியே நோய் பரவுமோ என்ற அச்சமும் சேர்ந்தது.

மாற்று தேடிய ஆண்டுகள்

சீரத்தில் செல்லுக்கு உண்மையில் தேவைப்படுவது எது? அதைக் கண்டறிந்தால் சீரத்தையே விலக்கிவிடலாம் என்று கருதியவர்களில் முதன்மையானவர் கலிபோர்னியாவின் கார்டன் சாட்டோ. 1976-இல் இசுமி ஹயாஷியும் அவரும், ஹார்மோன்களைச் சேர்த்தால் சீரமின்றியும் செல் வளரும் என்று காட்டினர். 1978-இல் இஸ்கோவ், மெல்ச்சர்ஸ் இருவரும் அல்புமின், டிரான்ஸ்ஃபெரின், சோயா கொழுப்பு ஆகியவற்றைக் கொண்டு சுண்டெலியின் பி-செல்களைச் சீரமின்றி வளர்த்தனர். 1982-இல் முரகாமி, சாட்டோ குழுவினர் ஹைப்ரிடோமாவுக்கு எத்தனாலமைன் இன்றியமையாதது என்று கண்டனர்.

சேர்ப்புப் பொருள்களின் பணி

இன்சுலின் செல்லின் வளர்ச்சியைத் தூண்டுகிறது. டிரான்ஸ்ஃபெரின் இரும்பைச் சுமந்து சென்று சேர்க்கிறது. எத்தனாலமைன் செல் சவ்வின் கொழுப்பு உருவாக உதவுகிறது. செலினியம் பெராக்சைடு நச்சிலிருந்து காக்கும் நொதிக்குத் தேவை. அல்புமின் கொழுப்பு அமிலங்களைத் தாங்கிச் செல்கிறது. பெருங்கலன்களில் காற்றுக் குமிழிகள் உடையும்போது செல் சிதையாமலிருக்க புளூரானிக் எஃப்-68 சேர்ப்பர்.

சீரத்தைத் திடீரென நிறுத்தினால் செல்கள் மடியக்கூடும். எனவே 10, 5, 2.5, 1 விழுக்காடு எனப் படிப்படியாகக் குறைத்துப் பழக்குவர். தொடக்கத்தில் அல்புமினும் டிரான்ஸ்ஃபெரினும் மாட்டிலிருந்தே பெறப்பட்டன. 'சீரமில்லா' என்றால் 'விலங்குப் பொருளில்லா' என்று பொருளல்ல. மரபணுத் தொழில்நுட்பத்தால் இப்புரதங்களை நுண்ணுயிரிகளிலும் பயிர்களிலும் உருவாக்க முடிந்தபின்பே அந்த அடுத்த படி எளிதாயிற்று.

தேடலின் நீட்சி

சாட்டோ பின்னாளில் எரித்திரியாவின் வறண்ட கடற்கரையில் அலையாத்தி மரங்களை வளர்க்க முயன்றார். கடல்நீரில் அவற்றுக்குப் போதாத சத்துகள் நைட்ரசன், பாஸ்பரஸ், இரும்பு என்று கண்டு, அவற்றை மட்டும் ஊட்டினார், மரங்கள் வளர்ந்தன. குடுவையிலும் கடற்கரையிலும் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்த உயிருக்கு இங்கே எது குறைகிறது?