கூஃபாவில் கேட்ட கேள்வியும் நமது ஒன்லைன் வகுப்பும்



"இமாம் அபூ ஹனீபா எங்கு பிறந்தார்?" என்று வகுப்பு வட்ஸ்அப் குழுவில் கேட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளை கூகுளில் தேடி "கூஃபா" என்று போடும். மற்றப் பிள்ளைகள் அதையே கொப்பி பண்ணிப் போடுவார்கள். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டதில் இருந்து இதைத்தான் கலந்துரையாடல் என்கிறோம்.

ஹிஜ்ரி 80இல் பிறந்த அந்த இமாம் எப்படிக் கேள்வி கேட்டார்? பஸராவின் பெரும் அறிஞர் கதாதா ஒருமுறை கூஃபாவுக்கு வந்து, ஹலால் ஹராம் பற்றி எதையும் கேளுங்கள் என்றார். அபூ ஹனீபா எழுந்தார். ஒருவர் ஊரை விட்டுப் போய் வருடக்கணக்கில் தகவல் இல்லை. மௌத்தாகிவிட்டார் என்று எண்ணி மனைவி மறுமணம் செய்கிறாள். பிறகு முதல் கணவன் வந்து நிற்கிறான். அவளுடைய மஹருக்கு என்ன தீர்ப்பு? இப்படி நடந்திருக்கிறதா என்று கதாதா கேட்டார். இல்லை என்றார் இமாம். நடக்காததை ஏன் கேட்கிறீர் என்று கதாதா கடிந்துகொள்ள, சோதனை இறங்குமுன்பே அதற்குத் தயாராகிறோம் என்ற கருத்தில் இமாம் பதில் சொன்னதாக வரலாற்று நூல்களில் வருகிறது.

நாம் ஷாபிஈ மத்ஹபுக்காரர்தான். என்றாலும் 2004 சுனாமிக்குப் பிறகு நமது கிழக்குக் கரையில், ஜனாஸாவே கிடைக்காத வீடுகளில், இத்தாவை எப்போது தொடங்குவது என்ற கேள்வி எழுந்ததே. கூஃபாவின் கேள்வி அவ்வளவு தூரத்தில் இல்லை.

அதில் மூன்று மனிதர்கள் இருக்கிறார்கள். மூவரும் வேண்டுமென்று தவறு செய்யவில்லை. ஆனாலும் யாரோ ஒருவர் இழக்கத்தான் வேண்டும். கேட்கும் பிள்ளையால் சும்மா இருக்க முடியாது. "இப்படி நடந்தால் என்ன சொல்வீர்?" என்று ஓயாமல் கேட்டதற்காகக் கூஃபாக்காரரைக் கேலி செய்தவர்களும் உண்டு. அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கெட்டித்தனம் காட்டுவதற்காகக் கட்டும் கேள்வி பிள்ளைக்கு உதவாது.

இமாமின் மஜ்லிஸில் ஒரு மஸ்அலாவை நாள்கணக்கில் பேசி முடித்த பிறகே அபூ யூசுப் எழுதுவார் என்பார்கள். நாமோ சூமில் கேட்டுவிட்டு ஐந்து செக்கன் பொறுக்காமல் நாமே பதிலையும் சொல்கிறோம். ஒரே போனை மூன்று பிள்ளைகள் பாவிக்கும் வீடுகள் இருக்கின்றன. கேள்வியை முதல் நாள் இரவே குழுவில் போட்டு, பதிலைக் குரல் பதிவாக வாங்கினால் கூச்சப்படும் பிள்ளையும் பேசும். "மூவரில் யார் பக்கம் நிற்கிறீர்கள், ஏன்? நண்பர் ஒருவர் சொன்னதில் எதை ஏற்கவில்லை?" இவ்வளவும் போதும்.

அபூ யூசுப் பின்னர் ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காதியானார். பல மஸ்அலாக்களில் உஸ்தாதுக்கு மாறான கருத்தையே சொன்னார். இருவரின் கருத்தும் இன்றுவரை ஹனபி நூல்களில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.