கண்ணுக்குப் புலப்படாத மின்வலு

வானொலிக் கலையகத்திலே ஒருவர் பேசுகின்றார். அவருடைய குரலை முதலில் ஏற்பது அவர் முன் நிற்கும் ஒலிவாங்கி. அதிலிருந்து மெல்லிய வடம் ஒன்று மட்டும் சுவரை நோக்கிச் செல்கின்றது. அதனுள் மின்கலம் இல்லை. மின்வலு கொண்டுவரும் வேறு வடமும் இல்லை. ஆயினும் அவ்வொலிவாங்கி மின்னோட்டத்தாலேயே இயங்குகின்றது. குரல் வெளிவரும் அதே கம்பிகளின் வழியே மின்வலு உட்செல்கின்றது. இதனை ஆங்கிலத்தில் ‘பான்ரம் பவர்’ என வழங்குவர். ‘பான்ரம்’ என்பது மாயத் தோற்றத்தைக் குறிக்குஞ் சொல்லாதலின், இதனை மாய மின்வலு எனத் தமிழிற் கூறலாம். இம்முறை எங்ஙனம் தோன்றியது? 48 உவோற்று என்னும் எண் இதற்கு எவ்வாறு வாய்த்தது? விலை குறைந்த ஒலிக்கலப்பிகளிலே இது பழுதுறும்போது செய்யத்தக்கது யாது? இவ்வினாக்களுக்கு விடை காணுதற்கு முதலில் பழைய தொலைபேசிக் காலத்துக்குச் செல்லுதல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் நெடுந்தூரத் தொலைபேசிக் கம்பிகள் பெருஞ்செலவை விளைத்தன. ஓர் உரையாடலுக்கு இரு கம்பிகள் வேண்டும். இரண்டு உரையாடல்களுக்கு நான்கு வேண்டும். அந்நான்கு கம்பிகளிலேயே மூன்றாவது உரையாடலையும் அனுப்ப முடியாதா என்ற கேள்வி எழுந்தது. 1882 ஆம் ஆண்டிலே பிராங்க் ஜேக்கப் என்பவர் அதற்கு ஒரு வழி கூறினார். ஒரு சோடியின் இரு கம்பிகளையும் சேர்த்து ஒரு கம்பியாகவும், மற்றைச் சோடியை இன்னொரு கம்பியாகவும் கொள்ளுதலே அவ்வழி. 1886 இல் அமெரிக்கரான ஜோன் கார்ட்டி இதற்கு மின்மாற்றிச் சுருள்களைப் பயன்படுத்தலாம் எனக் காட்டினார். கம்பி இல்லாமலே கிடைத்த அம்மூன்றாம் சுற்றுக்கு மாயச் சுற்று என்று பெயர் வந்தது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சோடியின் இரு கம்பிகளும் எல்லா வகையிலும் சமமாக இருத்தல் வேண்டும். சமநிலை குலைந்தால் ஒருவர் பேச்சு மற்றவர் செவியிற் கலந்துவிடும். இந்நிபந்தனையே பிற்காலத்து வரலாறு முழுவதிலும் தொடர்ந்து வருகின்றது.

இனி ஒலிவாங்கியின் கதையை நோக்குவோம். 1916 ஆம் ஆண்டில் வெஸ்ரேண் எலெக்ரிக் நிறுவனத்திலே பணியாற்றிய எட்வேட் வென்ட் என்னும் அறிஞர் ஒடுக்கி ஒலிவாங்கியை உருவாக்கினார். ஆங்கிலத்திலே ‘கொண்டென்சர்’ எனப்படுவது இதுவே. மெல்லிய தகடு ஒன்று, அதன் பின்னே மிக நுண்ணிய இடைவெளி விட்டு அசையாத் தகடு ஒன்று, இவற்றிடையே நிலைத்த மின்னேற்றம்: இவ்வளவே அதன் அமைப்பு. ஒலியலை மோதும்போது முன்தகடு அசைகின்றது, இடைவெளி மாறுகின்றது, அம்மாற்றத்துக்கேற்ப மின்னழுத்தமும் மாறுகின்றது. தகடு மிக இலேசாதலின் குரலின் நுட்பங்களை எல்லாம் அது பற்றிக்கொள்ளும். எனினும் அதிலிருந்து பிறக்கும் மின்குறி மிகவும் வலுவற்றது. அதனை நீண்ட வடத்திலே அப்படியே அனுப்ப இயலாது. ஆகவே ஒலிவாங்கியின் உள்ளேயே ஒரு விரிவாக்கியை வைக்கவேண்டியதாயிற்று. அவ்விரிவாக்கிக்கு மின்வலு ஊட்டவேண்டியதும் ஆயிற்று.

1928 இல் கேயோர்க் நோய்மான் என்பவர் பேர்லின் நகரிலே தம் நிறுவனத்தைத் தொடங்கி, ஒடுக்கி ஒலிவாங்கிகளை விற்பனைக்குக் கொணர்ந்தார். அவற்றினுள் இருந்தது வால்வு எனப்படும் வெற்றிடக் குழாய். வால்வின் இழையைச் சூடேற்ற ஒரு மின்னழுத்தம் வேண்டும். அதன் தகட்டுக்கு உயர்ந்த வேறொரு மின்னழுத்தம் வேண்டும். எனவே ஒவ்வோர் ஒலிவாங்கிக்கும் பல கம்பிகள் கொண்ட தடித்த வடமும், தனியான மின்வழங்கிப் பெட்டியும் உடன் செல்லவேண்டியிருந்தன. பல ஒலிவாங்கிகளை வைத்து இசைக்குழுவை ஒலிபரப்புவோர்க்கு அது பெருஞ்சுமையாயிற்று.

1947 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே திரான்சிஸ்டர் தோன்றியது. அதற்குச் சூடேற்றும் இழை வேண்டியதில்லை. சில மில்லியம்பியர் மின்னோட்டமே போதும். இச்சிறு மின்னோட்டத்தைக் குரற்கம்பிகளின் வழியாகவே அனுப்பலாம் என்பது அப்பொழுது தெளிவாயிற்று. குறைந்த அழுத்தங்களிற் சில முயற்சிகளும் நடைபெற்றன. 1966 ஆம் ஆண்டிலே நோய்மான் நிறுவனம் நோர்வே நாட்டு ஒலிபரப்பு நிறுவனத்திடம் புதிய திரான்சிஸ்டர் ஒலிவாங்கியைக் கொண்டு சென்றது. மாய முறையிலேயே அது இயங்கவேண்டும் என நோர்வேயினர் கேட்டனர். வடதுருவத்தை அடுத்த அந்நாட்டிலே மாரிகாலப் பகற்பொழுது மிகக் குறுகியது. மின்சாரம் தடைப்பட்டால் எரிவதற்கென அவர்களுடைய கலையகங்களில் அவசர விளக்குகள் இருந்தன. அவ்விளக்குகளுக்காக 48 உவோற்று மின்வழங்கல் முன்னமே அங்கு அமைந்திருந்தது. கையிலுள்ள அதனையே ஒலிவாங்கிக்கும் பயன்படுத்தலாம் எனத் தீர்மானித்தனர். கே.எம். 84 என்னும் ஒலிவாங்கி இவ்வாறு பிறந்தது. இருளை நீக்க வைத்திருந்த மின்வலுவே இன்று உலகெங்கும் ஒலிவாங்கிகளை இயக்கும் அளவாக நிலைத்துவிட்டது. பின்னர் ஜேர்மனியின் நியமத்திலும், அதன்பின் சர்வதேச நியமத்திலும் அது இடம்பெற்றது.

அம்முறையின் நுட்பம் எளியது. 48 உவோற்று அழுத்தம் 6,800 ஓம் அளவுள்ள இரு தடைகளின் வழியே குரற்கம்பிகள் இரண்டுக்கும் சமமாக ஊட்டப்படுகின்றது. மின்னோட்டம் திரும்பிச் செல்வது வடத்தின் வெளிக்கவசத்தின் வழியே. இரு கம்பிகளும் ஒரே உயரத்தில் நிற்பதால் அவற்றிடையே அழுத்த வேறுபாடு இல்லை. குரலோ அவ்வேறுபாட்டிலேயே பயணஞ் செய்வது. ஆதலின் ஒன்றை ஒன்று தீண்டுவதில்லை. சுருளால் இயங்கும் பழைய ஒலிவாங்கியை அதே துளையிற் செருகினாலும், சுருளின் இரு முனைகளும் சம அழுத்தத்தில் இருத்தலால் அதனூடு மின்னோட்டம் செல்லாது, தீங்கும் நேராது. அக்காலத்திலே 12 உவோற்றை இரு குரற்கம்பிகளுக்கு இடையே ஊட்டும் வேறொரு முறையும் வழக்கில் இருந்தது. அதிலே சுருளினூடு மின்னோட்டம் பாயும். பழையதும் புதியதும் ஒருங்கு வாழ இடமளித்தமையே மாய முறையின் வெற்றிக்குக் காரணம் எனலாம்.

இன்று சிறு மன்றங்களும் பாடசாலைகளும் விலை குறைந்த ஒலிக்கலப்பிகளை வாங்குகின்றன. விழா நாளன்று ஒடுக்கி ஒலிவாங்கி வாய் திறப்பதில்லை. சுருள் ஒலிவாங்கியோ நன்றாகப் பேசுகின்றது. குற்றம் ஒலிவாங்கியினது என்று எண்ணி அதனை ஒதுக்கிவிடுவோர் பலர். வரலாற்றை அறிந்தவர் அவ்வாறு விரையார்.

முதலில் ஆராயத்தக்கது வடம். கவசக்கம்பி அறுந்திருப்பினும் சுருள் ஒலிவாங்கி இரைச்சலுடனாவது பேசும். ஒடுக்கி ஒலிவாங்கிக்கோ அதுவே மின்னோட்டம் மீளும் பாதையாதலின், அது அறுந்தால் முற்றும் ஊமையாகும். அன்றியும் மாய மின்வலு மூன்று முனை கொண்ட எக்ஸ்.எல்.ஆர். துளையில் மட்டுமே கிடைக்கும். இசைக்கருவிகளுக்கான துளையிற் கிடைப்பதில்லை.

அடுத்தது அளத்தல். மின்னளவியை நேரோட்ட அழுத்தத்துக்கு அமைத்து, துளையின் முதலாம் முனைக்கும் இரண்டாம் முனைக்கும் இடையே அளத்தல் வேண்டும். பின்பு முதலாம் மூன்றாம் முனைகளுக்கு இடையே அளத்தல் வேண்டும். இரண்டும் 44 க்கும் 52 க்கும் இடைப்பட்டுச் சமமாய் இருந்தால் நன்று. ஒரு முனையில் மட்டும் அழுத்தம் இல்லையெனின், அம்முனையின் தடையோ பற்றாசோ பழுதுற்றிருக்கும். இரண்டும் தாழ்ந்திருப்பின் குறை மின்வழங்கியில் உள்ளது.

வெறுந்துளையில் 48 காட்டுவது மட்டும் போதாது. சிறு ஒலிக்கலப்பிகளிலே பெரும்பாலும் தாழ்ந்த அழுத்தமொன்றை ஒடுக்கிகளாலும் இருவாயிகளாலும் படிப்படியாய்ப் பெருக்கியே 48 ஆக்குகின்றனர். அவ்வொடுக்கிகள் மூப்பினால் வறண்டால், சுமை ஏறியவுடன் அழுத்தம் சரிந்துவிடும். மின்னளவியை மில்லியம்பியருக்கு அமைத்து முதலாம் இரண்டாம் முனைகளைச் சிறிதுபொழுது இணைத்தால் ஏறக்குறைய 7 மில்லியம்பியர் காட்டுதல் வேண்டும். 48 ஐ 6,800 ஆற் பிரித்தால் வரும் விடை அதுவே. பல ஒலிவாங்கிகள் இணைந்திருப்பின் ஒவ்வொன்றாய்க் கழற்றிப் பார்த்தலும் நன்று. ஒன்றைக் கழற்றியதும் ஏனையவை உயிர்பெற்றால், மின்வழங்கி சுமை தாங்காதது என்பது வெளிப்படை.

பெட்டியைத் திறந்து ஒடுக்கிகளை மாற்றுதல் பயிற்சி பெற்றோர் செய்யவேண்டிய வேலை. தடைகளை மாற்றுவோர் ஒன்றை மறத்தலாகாது. இரு தடைகளும் ஒன்றுக்கொன்று 0.4 வீதத்துக்கு மேல் வேறுபடலாகாது என்பது நியமம்; அஃதாவது ஏறத்தாழ 27 ஓம். இச்சமம் குலைந்தால் புறத்து இரைச்சல் குரலுட் புகுந்துவிடும். வடத்திலே கம்பிகளை மாற்றிப் பொருத்தினாலோ, ஒரு குரற்கம்பி கவசத்தைத் தொட்டாலோ, மெல்லிய உலோக நாடாவால் ஆன ஒலிவாங்கியினூடு மின்னோட்டம் பாய்ந்து அதனைக் கெடுத்துவிடவுங்கூடும்.

1882 இல் தொலைபேசிக் கம்பிகளுக்குக் கூறப்பட்ட நிபந்தனை இன்றைய சிறு ஒலிக்கலப்பியிலும் மாறவில்லை. இரு கம்பிகளும் சமமாய் நிற்கும் வரையிலே மின்வலு தன்னைக் காட்டாது குரலுக்குத் துணைநிற்கும். விழாவிலே பேசவந்த சிறுவனின் குரல் சபையின் கடைசி வரிசையை எட்டாது போனால், பழி பெரும்பாலும் அறுந்த கம்பி ஒன்றுக்கோ வறண்ட ஒடுக்கி ஒன்றுக்கோ உரியது. அதனைப் பொறுமையோடு அளந்து அறிபவர் நல்ல ஒலிவாங்கி ஒன்று குப்பைக்குப் போகாமற் காப்பவராவர்.